வரிசையில் நிற்கும் பிள்ளை எதைக் கற்கும்? சிறுவர் கால்பந்துப் பயிற்சிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி, மாநகராட்சி மைதானம். பதினைந்து பிள்ளைகள் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். முன்னால் கோல் போஸ்ட், பக்கத்தில் விசிலோடு கோச். முதல் பையன் ஓடிப்போய் ஷூட் அடிக்கிறான், பந்தைப் பொறுக்கிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போகிறான். அடுத்து ஒரு பெண் வருகிறாள். பார்க்க ஒழுங்காக இருக்கிறது. வேலியோரம் நிற்கும் அப்பா அம்மாவுக்கும் திருப்தி.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு 20 விநாடி என்றால் 15 பேருக்கு ஒரு சுற்று 5 நிமிடம். இதை 20 நிமிடம் நடத்தினால் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது நான்கு உதை. மிச்ச நேரமெல்லாம் நிற்பது, முன்னால் நிற்கிறவனைச் சீண்டுவது, மண்ணில் காலால் கோலம் போடுவது. அந்த நான்கு உதையிலும் பந்தைப் பறிக்க யாரும் வரவில்லை. யாருக்குக் கொடுக்கலாம், அடிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்க வேண்டிய தேவையும் வரவில்லை. மேட்சில் ஒரு பந்துகூட இப்படிச் சும்மா வந்து காலடியில் நிற்காது.

பயிற்சி கொடுக்கத் தொடங்கிய முதல் வருடம் முழுக்க நானும் இப்படித்தான் நடத்தினேன். எனக்குச் சொல்லித்தந்தவர்கள் அப்படி நடத்தினார்கள், வேறு வழி இருப்பதே தெரியாது. பிள்ளைகள் வரிசையில் அழகாக அடித்தார்கள். மேட்சில் பந்து வந்ததும் பதறிப்போய் எங்காவது உதைத்துத் தள்ளினார்கள். ஆட்டத்தில் தேவைப்படுகிற எதையும் நான் அவர்களுக்குக் கொடுக்கவில்லை என்று புரிய அவ்வளவு நாளானது. உங்களுக்கு அந்த ஒரு வருடம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

5 முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகளோடு முதல்முறையாக மைதானத்தில் இறங்குகிற எல்லோருக்குமானது இது: பெற்றோர், பள்ளி ஆசிரியர், தெருவில் பந்தாடும் அண்ணன், அக்கா. நீங்கள் பெரிய ஆட்டக்காரராக இருந்திருக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். காலில் பந்தும் எதிரில் ஆளும் இருக்கும்போதுதான் பிள்ளை கால்பந்து கற்கிறது. அந்த நேரத்தைக் கூட்டுவதுதான் உங்கள் வேலை.

மைதானத்துக்குப் போகும் முன்

முதலில் பந்து. பெரியவர்கள் ஆடும் 5-ம் எண் பந்து 410 முதல் 450 கிராம் எடை இருக்கும். ஏழு வயதுப் பிள்ளையின் காலுக்கு அது கல் மாதிரி. 8 வயதுக்குக் கீழே 3-ம் எண், 8 முதல் 12 வரை 4-ம் எண், அதற்கு மேல்தான் 5. பணம் குறைவாக இருந்தால் விலையுயர்ந்த பந்து இரண்டு வாங்குவதைவிட, சாதாரணப் பந்து எட்டு வாங்குங்கள். இரண்டு பிள்ளைக்கு ஒரு பந்தாவது இருக்க வேண்டும். சிறியவர்களுக்குத் தலைக்கு ஒன்று இருந்தால் நல்லது. கையில் இருக்கிற ரப்பர் பந்தை வீட்டிலிருந்து எடுத்து வரச் சொன்னாலும் சரி.

இருபது கோன், அணி பிரித்துக் காட்ட மேலே மாட்டும் பிப் இரண்டு நிறத்தில், ஒரு விசில், பந்துக்குக் காற்றடிக்கும் பம்ப், முதலுதவிப் பை. கோன் இல்லாவிட்டால் செருப்பும் தண்ணீர் பாட்டிலும் போதும், நாம் எல்லோரும் அப்படித்தானே ஆடினோம். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வெறுங்காலில் ஆடும் பிள்ளைகளும் ஸ்டட்ஸ் (அடியில் முளை வைத்த ஷூ) போட்ட பிள்ளைகளும் ஒரே ஆட்டத்தில் வேண்டாம். ஒரு மிதி போதும், விரல் நகம் பெயர்ந்துவிடும். எங்கள் மைதானத்தில் எல்லோருக்கும் ஷூ கிடைக்காத நாளில் எல்லோருமே ஷூவைக் கழற்றிவிடுவோம். அதற்கு முன் நாலு பேர் தரையை நடந்து பார்த்து கண்ணாடித் துண்டு, ஆணி, பாட்டில் மூடி எல்லாவற்றையும் பொறுக்கிவிடுவோம்.

கோல் போஸ்ட்டை ஒருமுறை பிடித்து ஆட்டிப் பாருங்கள். தூக்கி வைக்கும் இரும்பு கோல் போஸ்ட் சரியாக ஊன்றாமல் இருந்தால் சாய்ந்து பிள்ளை மேல் விழும். உலகம் முழுக்கப் பிள்ளைகள் இதனால் இறந்திருக்கிறார்கள். ஆட்டம் காண்கிற போஸ்ட்டின் பக்கம் பிள்ளைகளை விடவே விடாதீர்கள்.

உங்களோடு இன்னொரு பெரியவர் எப்போதும் இருக்கட்டும். ஒரு பிள்ளைக்கு அடிபட்டால் ஒருவர் அதைப் பார்க்க, மற்றவர் மீதிப் பேரைப் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளையோடு நீங்கள் மட்டும் தனியாக, யார் கண்ணிலும் படாத இடத்தில் இருக்கும் நிலை வரவே கூடாது. இது பிள்ளையின் பாதுகாப்புக்காக. பெற்றோர் எண், ஆஸ்துமா, வலிப்பு போன்ற விவரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக் கையோடு வையுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108, பிள்ளைகள் உதவிக்கு 1098 என்று அட்டையிலேயே பெரிதாக எழுதிவிடுங்கள்.

வயதுக்குத் தகுந்த எதிர்பார்ப்பு

ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளை ஆட விட்டால் பந்து போகிற இடமெல்லாம் ஈ மொய்க்கிற மாதிரி கூட்டமாகப் போவார்கள். புதிய கோச் உடனே கத்தத் தொடங்குவார்: "பரவி நில்லுங்கடா!" கத்தாதீர்கள். அந்த வயதில் உலகத்தில் இருப்பது ஒரே ஒரு பந்து, அது என்னுடையது. இடம் பிரித்து நிற்பது, பாஸ் கொடுப்பதெல்லாம் அவர்கள் மனத்தில் இன்னும் முளைக்கவில்லை. ஆளுக்கொரு பந்து கொடுத்து, ஓட்டவும் திருப்பவும் நிறுத்தவும் விடுங்கள். மொய்ப்பது தானாகக் குறையும்.

எட்டு, ஒன்பது, பத்து வயது பொன்னான காலம். உடம்பு சொன்னபடி கேட்கும், புதுத் தந்திரம் எதையும் நூறு தடவை செய்து பார்க்கும் வெறி இருக்கும். கூட ஆடுகிறவன் கண்ணுக்குத் தெரியத் தொடங்குவான். ஒருவருக்கு ஒருவர், இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று என்று நிறைய ஆட வையுங்கள். இந்த வயதில் பந்தைத் தைரியமாக ஓட்டிப் பறிகொடுக்கிற பிள்ளையைத் திட்டிவிட்டால், அது அப்புறம் பந்தை வாங்கவே பயப்படும். பின்னால் எந்த வயதிலும் அந்தத் தைரியத்தை நீங்கள் திரும்ப ஊட்ட முடியாது.

பதினொன்றுக்கு மேல் ஆட்டத்தின் திட்டம் புரியும். ஆனால் உடம்பு குழப்பம் செய்யும். பெண் பிள்ளைகள் 12 வயதையொட்டியும் ஆண் பிள்ளைகள் 14 வயதையொட்டியும் மளமளவென்று உயர்வார்கள். நேற்று அழகாக ஆடியவன் இன்று தன் காலே தனக்குத் தெரியாதவன் மாதிரி தடுமாறுவான். குதிகாலிலும் முட்டிக்குக் கீழேயும் வலி என்பான். அது சோம்பலும் இல்லை, நடிப்பும் இல்லை. எலும்பு வளரும் வேகத்துக்குத் தசைநார் ஈடுகொடுக்க முடியாமல் இழுபடுகிற வலி. ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைத்து, வலி நிற்காவிட்டால் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

முதல் பத்து நிமிடம்

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். எல்லோரும் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வந்தவுடன் பந்து காலுக்குப் போக வேண்டும். மைதானத்தை இரண்டு சுற்று ஓடச் சொல்வது பழைய வழக்கம். பிள்ளைக்கு அதைவிடச் சலிப்பானது எதுவும் இல்லை, பந்தும் காலில் இல்லை.

நான் அதிகம் பயன்படுத்துவது கல்லா மண்ணா. நமக்குத் தெரிந்த அதே விளையாட்டு, கூட ஒரு பந்து. 20 தப்படி நீளம், 20 தப்படி அகலத்தில் ஒரு சதுரம். உள்ளே அங்கங்கே நாலு கோனால் அடைத்த சின்னச் சின்னக் கட்டங்கள், அவைதான் கல். மீதி இடமெல்லாம் மண். எல்லோரும் பந்தை ஓட்டிக்கொண்டே "கல்லா மண்ணா?" என்று கேட்க வேண்டும். பிடிக்கிறவர் "கல்" என்றால் பந்தோடு மண்ணுக்கு வந்துவிட வேண்டும், "மண்" என்றால் பந்தோடு கட்டத்துக்குள் புகுந்துவிட வேண்டும். தவறான இடத்தில் மாட்டியவரின் பந்தைப் பிடிக்கிறவர் தொட்டால், அடுத்துப் பிடிப்பது அவர்.

இதில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பிள்ளை பந்தைப் பார்க்க வேண்டும், தலையைத் தூக்கிக் காலிக் கட்டத்தைத் தேட வேண்டும், பிடிக்கிறவர் எங்கே என்று கவனிக்க வேண்டும், சட்டென்று திசை திருப்ப வேண்டும். டிரிப்ளிங், அதாவது பந்தைக் காலோடு ஓட்டிப்போகும் பயிற்சி என்று நீங்கள் எழுதி வைத்திருக்கும் எல்லாமே வந்துவிட்டது, ஒரு வார்த்தை விளக்கவில்லை. உடம்பும் சூடாகிவிட்டது. யாரும் அவுட் ஆகி வெளியே உட்காரவில்லை என்பது இன்னும் முக்கியம். அவுட்டாகி வெளியே போகும் விளையாட்டில் முதலில் வெளியே போவது யார்? இன்னும் நன்றாக ஆடத் தெரியாத பிள்ளை. அதிக நேரம் ஆட வேண்டியதும் அதே பிள்ளைதான்.

ஆட்டம், ஒரு கேள்வி, மறுபடி ஆட்டம்

இந்தப் பகுதிதான் பயிற்சியின் வயிறு. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

நம்மில் பலர் முதலில் டிரில் (ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது), கடைசிப் பத்து நிமிடம் மேட்ச் என்று நடத்துகிறோம். வந்ததிலிருந்தே பிள்ளைகள் "கோச், எப்போ மேட்ச்?" என்று நச்சரிப்பார்கள். அதைத் திருப்பிப் போடுங்கள். முதலில் ஆட்டம் வைத்துவிடுங்கள். அதில் ஒரு சிக்கல் தெரியும். அதைத் தனியே எடுத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் பயிற்சி. அப்புறம் மறுபடி ஆட்டம். எதற்காக இதைச் செய்கிறோம் என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

ஓர் உதாரணம். பத்து வயதுப் பிள்ளைகள் 16 பேர். நாலுக்கு நாலு என்று இரண்டு ஆட்டம் பக்கத்துப் பக்கத்தில். ஒவ்வொன்றுக்கும் 30 தப்படி நீளம், 25 தப்படி அகலம். இரு முனையிலும் இரண்டிரண்டு சின்ன கோல், மூலைக்கு ஒன்றாக. மொத்தம் நான்கு. கோல்கீப்பர் வேண்டாம். ஜெர்மானியப் பயிற்சியாளர் ஹோர்ஸ்ட் வைன் மூன்றுக்கு மூன்றாக நான்கு கோல் வைத்து உருவாக்கிய ஃபுனினோ என்ற ஆட்டம்தான் இதற்கு மூலம். ஜெர்மனியில் 2024-25 பருவத்திலிருந்து சிறு வயதுப் பிரிவுகளுக்கு இந்த வகை ஆட்டத்தையே கட்டாயமாக்கிவிட்டார்கள். இரண்டு கோல் இருப்பதால் ஒன்றை அடைத்தால் இன்னொன்று திறக்கும். பிள்ளை தலையைத் தூக்கியே ஆக வேண்டும்.

பத்து நிமிடம் ஆடவிட்டுச் சும்மா பாருங்கள். கூட்டம் அடைத்த கோலை நோக்கியே முட்டிக்கொண்டு போவார்கள், மறுபக்கம் காலியாகக் கிடக்கும். சரி, இதுதான் இன்றைய சிக்கல். விசில் ஊதி அப்படியே நிற்கச் சொல்லி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இப்போ எந்த கோல் காலி?" ஏழெட்டுக் கை அந்தப் பக்கம் நீளும். "பந்து வருவதற்கு முன்னாடியே அது தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?" பதில் அவர்களே சொல்வார்கள். 20 விநாடிக்கு மேல் நிறுத்தி வைக்காதீர்கள்.

அடுத்து தனிப் பயிற்சி. நாலு பேராகப் பிரித்து, 8 தப்படிச் சதுரத்தில் மூவர் பந்தை வைத்திருக்க ஒருவர் பறிக்க வேண்டும். பாஸ் வாங்கும் முன் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்க்க வேண்டும் என்பது மட்டும் சவால். நீங்கள் சதுரத்துக்கு வெளியே நடந்துகொண்டே கையில் விரல் காட்டுங்கள், பந்து வாங்குகிறவர் எத்தனை விரல் என்று கத்த வேண்டும். பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும், பார்வையும் தானாகப் பழகும். பறிக்கிறவரை ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பத்து நிமிடம் கழித்து மறுபடி நான்கு கோல் ஆட்டம். ஒரு பக்கம் போய், திரும்பி, மறு கோலில் அடித்தால் இரண்டு கோல் கணக்கு என்று ஒரு விதி சேருங்கள். நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லாமலே "திருப்பு, திருப்பு" என்று அவர்களே கத்துவார்கள்.

பயிற்சி சரியாக வராதபோது நாலு திருகாணி இருக்கிறது: இடம், ஆள், பந்து, விதி. பறிக்கிறவர் எப்போதும் ஜெயித்தால் இடத்தைப் பெரிதாக்குங்கள், இல்லாவிட்டால் வைத்திருப்பவர்களில் ஒருவரைக் கூட்டுங்கள். ரொம்ப எளிதாகிவிட்டால் சுருக்குங்கள், இரண்டு தொடுகைக்குள் பாஸ் என்று விதி வையுங்கள். பத்துத் தடவை முயன்றால் ஆறேழு தடவை வெற்றி கிடைக்கிற அளவில் நான் நிறுத்திக்கொள்வேன். எல்லாத் தடவையும் வெற்றி என்றால் பிள்ளை ஏற்கெனவே தெரிந்ததைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

அலங்கோலமாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள்

இப்படி நடத்தினால் பயிற்சி பார்க்க அழகாக இருக்காது. பந்து வெளியே போகும், தப்பு நிறைய நடக்கும், வேலியோரம் ஒருவர் "என்ன சார், டிரில் ஒண்ணும் இல்லையா?" என்பார். அவருக்குச் சொல்ல ஒரு நல்ல பதில் இருக்கிறது. 1986-ல் குட், மகில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பாட்மிண்டன் சர்வீஸ் மூன்று வகையைக் கற்பித்துப் பார்த்தார்கள். ஒரு குழு ஒரு வகையை முடித்துவிட்டு அடுத்த வகைக்குப் போனது. இன்னொரு குழு மூன்றையும் கலந்து கலந்து அடித்தது. பிறகு சோதித்தபோது, அதிலும் பழகாத பக்கத்திலிருந்து அடிக்கச் சொன்னபோது, கலந்து அடித்தவர்களே நன்றாகச் செய்தார்கள். ஒவ்வொரு தடவையும் மூளை புதிதாக யோசிக்க வேண்டியிருந்ததுதான் காரணம் என்று விளக்குகிறார்கள்.

நமக்கு இதிலிருந்து கிடைப்பது எளிய விஷயம். இருபது பாஸ், அப்புறம் இருபது ஷூட், அப்புறம் இருபது திருப்பம் என்று பிரித்துப் போடாதீர்கள். ஒரே ஆட்டத்தில் மூன்றும் கலந்து வரட்டும். காலை முதன்முதலாக எப்படி வைப்பது என்று பழகும் ஐந்து நிமிடத்துக்குத் தனியே திரும்பத் திரும்பச் செய்வது சரி. கை வந்ததும் உடனே ஆட்டத்துக்குள் கொண்டுபோய்ப் போடுங்கள்.

வடசென்னை வியாசர்பாடியில் பந்தாடிப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. சந்தில், குட்டி இடத்தில், ஐந்தாறு பேர், வேறு வேறு வயது, சுவரில் பட்டு வரும் பந்து. சென்னையின் எஃப்சி என்ற அணிக்கு ஆடிய தனபால் கணேஷ் அந்த ஊர்க்காரர். தெரு கொடுக்கிற அந்த நெருக்கடியையும் எண்ணிக்கையில்லாத தொடுகையையும் மைதானத்திலும் கொடுக்கப் பாருங்கள் என்பதுதான் நான் கேட்பது.

என்ன பேசுவது, எவ்வளவு பேசுவது

பிள்ளைகளைக் கூட்டிப் பேசும்போது வெயில் உங்கள் முகத்தில் விழட்டும், அவர்கள் முகத்தில் வேண்டாம். ரோட்டைப் பார்த்து அவர்களை நிற்க வைக்காதீர்கள், பஸ் போனால் கவனமும் கூடவே போய்விடும். பந்தைக் காலடியில் அசையாமல் வைக்கச் சொல்லுங்கள். சொல்வதைவிடச் செய்து காட்டுங்கள். உங்களுக்கு வராது என்றால் நன்றாகச் செய்கிற ஒரு பிள்ளையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு அதுவே பெரிய பரிசு.

வார்த்தையைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. "கணுக்காலை இறுக்கு, முட்டியை மடக்கு, உடம்பை முன்னால் சாய்" என்று உடம்பின் உறுப்புகளையே சொன்னால் பிள்ளை தன் உடம்பையே பார்த்துக்கொண்டு விறைத்துப்போகும். "பந்தின் வயிற்றில் அடி", "புல்லை ஒட்டியே போகணும்", "அவனுடைய வலது காலுக்குப் பந்து போய்ச் சேரணும்" என்று பந்தையும் இலக்கையும் சொல்லிப் பாருங்கள். கவனம் வெளியே இருந்தால் அசைவு நன்றாகப் படிகிறது என்று காப்ரியேலே வுல்ஃப் என்ற ஆய்வாளர் 1990களின் கடைசியிலிருந்தே பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். மைதானத்தில் ஒரே நாளில் வித்தியாசம் தெரியும்.

ஒரு பிள்ளைக்கு மட்டும் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஆட்டத்தை நிறுத்தாதீர்கள். அருகே போய், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு வரி. "கார்த்தி, அந்தத் திருப்பம் நல்லா இருந்துச்சு. அடுத்த தடவை திரும்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பின்னாடி பாரு." போதும். "சூப்பர், சூப்பர்" என்று எல்லாவற்றுக்கும் சொன்னால் அந்த வார்த்தைக்கு விலை இருக்காது. எது நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள். எல்லாப் பெயரையும் இரண்டாவது வாரத்துக்குள் மனப்பாடம் செய்துவிடுங்கள். "ஏய், சிவப்பு பனியன்" என்று கூப்பிட்டால் பிள்ளை நாளைக்கு வராமல் போகலாம்.

முன்னேறியவனும் பின்தங்கியவளும்

ஒரே கூட்டத்தில் பந்தைக் காலில் ஒட்டி வைத்த மாதிரி ஓட்டுகிறவனும் இருப்பான், நேற்று முதல்முறையாகப் பந்தைத் தொட்டவளும் இருப்பாள். கெட்டிக்காரனுக்குச் சவாலைக் கூட்டுங்கள்: இடது காலில் மட்டும் பாஸ், இரண்டு தொடுகை மட்டும், தன் அணியில் எல்லோரும் தொட்ட பிறகே அவன் கோல் அடிக்கலாம். புதியவளுக்கு இடத்தையும் நேரத்தையும் கொடுங்கள். ஒருவருக்கு ஒருவர் ஆடும்போது ஒத்த பிள்ளைகளைச் சேர்த்துவிடுங்கள். அணி பிரிக்கும்போது இரண்டு கேப்டன் ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் முறை வேண்டவே வேண்டாம். கடைசியாக நிற்கும் பிள்ளை அதை வாழ்நாள் முழுக்க மறக்காது.

இன்னொன்று, வயதுப் பிரிவு. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுகிறார்கள். பத்து வயதில் பதினொரு மாதம் என்பது உயரத்திலும் வேகத்திலும் பெரிய இடைவெளி. பல நாடுகளின் அகாடமிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே நிறைய இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. திறமை ஜனவரியில் மட்டும் பிறப்பதில்லை. இன்று பெரியவனாகத் தெரிகிறவனைத் திறமைசாலி என்று முத்திரை குத்தாதீர்கள், சிறியவளாகத் தெரிகிறவளை ஒதுக்காதீர்கள். உங்கள் நோட்டில் பெயரோடு பிறந்த மாதத்தையும் எழுதிவையுங்கள், பார்வை மாறும்.

பெண் பிள்ளைகள் வந்தால் தனியாக ஓர் ஓரத்தில் வைக்காதீர்கள். முதல் நாளிலேயே கலந்து ஆடட்டும். உடை மாற்ற இடமும் கழிவறையும் இல்லை என்ற ஒரே காரணத்தால் பன்னிரண்டு வயதில் நின்றுபோகும் பெண் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பக்கத்துப் பள்ளியிலோ வீட்டிலோ கேட்டு அதற்கு ஏற்பாடு செய்வதும் கோச்சின் வேலைதான்.

மேட்ச் நாள்

பெரிய மைதானத்தில் பதினொரு பேர் ஆட்டம் சின்னப் பிள்ளைக்கு வேண்டாம். முழு அளவு கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். எட்டு வயது கோல்கீப்பர் என்ன குதித்தாலும் மேல் கம்பத்துக்கு எட்டாது. இங்கிலாந்தில் 12 வயதுப் பிரிவில்கூட ஒன்பது பேர் ஆட்டம்தான். பதினொன்று அதற்குப் பிறகுதான் வருகிறது. நம் நாட்டிலும் 2018 முதல் கோல்டன் பேபி லீக் என்ற பெயரில் சிறு அணி ஆட்டங்களை அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஊக்குவித்துவந்தது. உங்கள் பகுதியில் யாராவது போட்டி வைத்தால் ஐந்து பேர், ஏழு பேர் ஆட்டமாக வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எல்லாப் பிள்ளைக்கும் குறைந்தது பாதி ஆட்டமாவது கிடைக்க வேண்டும். இதைப் போட்டிக்கு முன்பே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள், அப்புறம் இரண்டு கோல் பின்னால் இருக்கும்போது மனம் மாறாதீர்கள். இடங்களையும் மாற்றுங்கள். பன்னிரண்டு வயதுக்குள் எல்லோரும் கோல்கீப்பராகவும் நிற்கட்டும், தடுப்பாட்டமும் ஆடட்டும், முன்னாலும் ஆடட்டும். உயரமாக இருக்கிறான் என்று ஒன்பது வயதிலேயே பின்னால் நிறுத்திவிட்டால், பதினாறு வயதில் மற்றவர்களும் அவன் உயரம் வந்தபிறகு அவனுக்குக் கையில் ஒன்றும் இருக்காது.

ஆட்டம் நடக்கும்போது "பாஸ் கொடு! ஷூட்! வெளியே அடி!" என்று ஓரத்திலிருந்து இயக்காதீர்கள். நீங்கள் முடிவெடுத்தால் பிள்ளை எதற்கு முடிவெடுக்கும்? நார்வேயில் குழந்தைகள் விளையாட்டுக்கென்று உள்ள விதிகளின்படி சின்ன வயதில் புள்ளிப் பட்டியலே கிடையாது. நாம் அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், ஆட்டம் முடிந்ததும் முதல் கேள்வியாக "ஜெயிச்சோமா" என்பதை விட்டுவிட்டு "இன்னைக்கு என்ன புதுசா செஞ்சு பார்த்தே?" என்று கேட்கலாம்.

பெற்றோருக்கு ஒரு கூட்டம் பருவத் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். கைதட்டலாம், பெயர் சொல்லி உற்சாகப்படுத்தலாம், ஆனால் ஆட்டத்துக்குள் என்ன செய்ய வேண்டும் என்று கத்தக் கூடாது, நடுவரிடம் சண்டை போடக் கூடாது. வீட்டுக்குப் போகும் வழியில் பைக்கில் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் ஆட்டத்தை அலசக் கூடாது. இதைக் கோபமில்லாமல், தோழமையாகச் சொன்னால் பெரும்பாலானோர் கேட்கிறார்கள்.

தலை, வெயில், காயம்

தலையால் முட்டுவதைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தராதீர்கள். அமெரிக்காவில் 2015-ல் 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு இதைத் தடை செய்தார்கள். இங்கிலாந்தில் 2020 முதல் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளின் பயிற்சியில் கிடையாது. யாராவது தலையில் மோதிக்கொண்டால், எழுந்து சரியாக நடந்தாலும், அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. தலைச்சுற்றல், வாந்தி, குழப்பமான பேச்சு, தூக்கக் கலக்கம் தெரிந்தால் மருத்துவமனைக்கு. "ஒண்ணும் இல்ல கோச்" என்று பிள்ளை சொல்வதை நம்பி விளையாட விடாதீர்கள்.

ஏப்ரல், மே மாதத்தில் காலை ஆறு முதல் ஏழரைக்குள் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் மாலை ஐந்துக்கு மேல். 15 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர், தாகம் எடுக்கிறதோ இல்லையோ. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் என்றால் நிழலுக்குக் கொண்டுபோய் உட்காரவைத்து உடம்பை நனைத்துக் குளிர வையுங்கள். குழறிப் பேசினாலோ நினைவு தடுமாறினாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108. தண்ணீர் கேட்ட பிள்ளைக்குத் தண்டனையாகத் தண்ணீர் மறுக்கும் பழக்கத்தை நான் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். அது குற்றம்.

முதல் நாளுக்கு ஒரு நேர அட்டவணை

மொத்தம் 70 நிமிடம். வந்ததும் பந்தோடு கல்லா மண்ணா 10 நிமிடம். தண்ணீர் 2 நிமிடம். நான்கு கோல் ஆட்டம் 12. ஒரு கேள்வி. சதுரத்தில் மூன்றுக்கு ஒன்று 13. தண்ணீர் 3. விதி சேர்த்த நான்கு கோல் ஆட்டம் 15. கடைசியில் அவர்கள் இஷ்டப்படி ஒரு மேட்ச் 12, நீங்கள் வாயே திறக்கக் கூடாது. மிச்சம் மூன்று நிமிடம் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வரி பேச. கோனை எடுத்து அடுக்குவது பிள்ளைகள் வேலை, பந்தை எண்ணுவதும்.

எல்லோரும் போனபிறகு பத்து நிமிடம் நோட்டை எடுங்கள். யார் அதிகம் நின்றுகொண்டே இருந்தார், யார் இன்று ஒருமுறைகூடப் பேசவில்லை, நான் எத்தனை தடவை ஆட்டத்தை நிறுத்தினேன் என்று மூன்று வரி எழுதுங்கள். மாதத்துக்கு ஒருமுறை கூட இருப்பவரிடம் ஒரு வேலை கொடுங்கள்: ஒரே ஒரு பிள்ளையைப் பத்து நிமிடம் பார்த்து அது எத்தனை தடவை பந்தைத் தொட்டது என்று எண்ணட்டும். முதல் தடவை எண்ணிக்கை உங்களை அதிரவைக்கலாம். அடுத்த மாதம் அதே பிள்ளையை மறுபடி எண்ணச் சொல்லுங்கள்.

ஆறு மாதம் இப்படிப் போனபிறகு முறையான பயிற்சி வகுப்புக்குப் போங்கள். மாவட்டக் கால்பந்துச் சங்கத்தில் கேட்டால் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் அடிப்படை வகுப்பும் டி என்ற பயிற்சியாளர் உரிமத்துக்கான வகுப்பும் எப்போது நடக்கிறது என்று சொல்வார்கள். அதற்கு மேல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சி, பி, ஏ என்று படிகள் இருக்கின்றன. போகும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். வகுப்பில் கேட்க வேண்டிய கேள்விகள் அதில்தான் இருக்கும்.